சீட்டாடும் மாப்பிள்ளை

வேங்கிக்கால்
17 பிப்ரவரி 2025

திரு. இனியன் அவர்களுக்கு,

வணக்கம். என் பெயர் அருணாதேவி. இந்த மாத ஆரம்பத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீங்களும் உங்கள் அம்மாவும் தரகர் தருமனோடு கீழ்பென்னாத்தூர் பக்கம் பெண் பார்க்க வந்தீர்களே, அந்தப் பெண் நான்தான். ஜாதகத்தோடு வந்த தாளில் உங்கள் முகவரி இருந்தது.

"நட்சத்திரம் ஒத்து வரல" என்று தருமன் உங்களிடம் சொல்லியிருந்தால் நம்பாதீர்கள். பொருத்தம் நன்றாகவே இருந்தது. நீங்கள் தெருமுனை தாண்டுவதற்குள் ராஜம்மாள் அத்தை பஜ்ஜித் தட்டுகளை எடுத்துக்கொண்டே, "சீட்டாடறவனுக்கா பொண்ணு குடுக்கப் போறீங்க?" என்றார். அப்பா யோசிக்கவே இல்லை. "அது ஆவாது. சொல்லி அனுப்பிடு" என்றார். அவ்வளவுதான் நடந்தது.

அப்பாவைக் குறை சொல்ல முடியாது. எங்கள் ஊரில் சீட்டு என்றால் ஏரிக்கரை பம்ப்செட் கொட்டகை. போலீஸ் ஜீப் வந்தால் உள்ளே இருப்பவர்கள் வேட்டியை மடித்துக்கொண்டு வரப்பு மேல் ஓடுவார்கள். பிறகு செல்போனில் ரம்மி வந்தது. அதில் நிலத்தை விட்டவர் எங்கள் தெருவிலேயே இருக்கிறார். யாரோடும் பேச மாட்டார்.

பிறகு ஏன் எழுதுகிறேன் என்று கேட்பீர்கள். தருமன் கொடுத்த தாளில் உங்கள் வேலை "சாஃப்ட்வேர்" என்று இருந்தது. என் மாமா அதைப் பார்த்துவிட்டு, "எந்தக் கம்பெனி தம்பி?" என்றார். நீங்கள் தலையை ஆட்டியிருந்தால் முடிந்திருக்கும். நீங்கள் தட்டைக் கீழே வைத்துவிட்டு, "இல்லீங்க, இது தப்பா எழுதியிருக்காங்க. அந்த வேலைய விட்டுட்டேன். நான் கார்டு விளையாடறேன், அதான் என் தொழில்" என்றீர்கள். தருமன் முகம் போன போக்கை உள்ளே இருந்து பார்த்தேன். என்னைப் பார்க்க இதற்கு முன் ஐந்தாறு பேர் வந்திருக்கிறார்கள். தன் தாளைத் தானே திருத்தியவர் யாரும் இல்லை.

எனவே கேட்கிறேன். அது என்ன விளையாட்டு? சூதா, இல்லையா? யார் சம்பளம் கொடுக்கிறார்கள்? நாற்பது வயதில் என்ன செய்வீர்கள்?

போனில் பேசினால் எதிரில் இருப்பவர் என்ன நினைப்பாரோ என்று பாதிக் கேள்வியை விழுங்கிவிடுவேன். எழுத்தில் நான் கறாரானவள். நான் வேலை பார்க்கும் வேங்கிக்கால் கலெக்டர் அலுவலக முகவரிக்கு எழுதுங்கள். தபால் பிரிவில் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

இப்படிக்கு,
வே. அருணாதேவி


செங்கம் சாலை, திருவண்ணாமலை
23 பிப்ரவரி 2025

அருணாதேவி அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கவரில் வேங்கிக்கால் முத்திரையைப் பார்த்ததும் அம்மா ஏதோ அரசாங்க நோட்டீஸ் என்று பயந்துவிட்டார். "கார்டு ஆடனதுக்கு கேஸ் போட்டுட்டாங்களா?" என்றார். இதுவும் ஒருவகையில் விசாரணைதான் என்றேன்.

முதலில் இன்னொரு திருத்தம். தாளில் என் அம்மா "விடுதி நடத்துகிறார்" என்று தருமன் எழுதியிருப்பார். அம்மா ஆசிரமத்துக்குப் பக்கத்தில் ஒரு விடுதியில் அறை சுத்தம் செய்தவர். இப்போது அங்கே சமையலறை அவர் பொறுப்பு. அப்பா நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோதே தவறிவிட்டார்.

அந்த விடுதியில்தான் எல்லாம் தொடங்கியது. ஒரு குளிர்காலத்தில் போலந்திலிருந்து ஒரு குடும்பம் வந்து தங்கியது. பெற்றோர் நாள் முழுக்கக் கண்ணை மூடித் தியானத்தில் உட்கார்ந்திருப்பார்கள். என் வயதுப் பையன் ஒருவன் மாடிப்படியில் தனியாக உட்கார்ந்து அட்டைகளை அடுக்கிக்கொண்டிருப்பான். அவனுக்குத் தமிழ் தெரியாது, எனக்கு ஆங்கிலம் தெரியாது. அட்டையைக் காட்டிக் காட்டியே விளையாடக் கற்றுக்கொண்டேன். ஊருக்குப் போகும்போது ஒரு டப்பா நிறைய அட்டைகளைக் கொடுத்துவிட்டுப் போனான். அவற்றில் அச்சடித்திருந்த வரிகளை அகராதி வைத்துப் படித்துத்தான் எனக்கு ஆங்கிலமே வந்தது. பள்ளிக்கூடத்தில் "பலி கொடு", "கல்லறையிலிருந்து திரும்ப எடு" என்பதற்கெல்லாம் எனக்கு ஆங்கிலம் தெரிந்திருந்தது. "சந்தைக்குப் போனேன்" என்பதற்குத் தெரியாது.

விளையாட்டு இதுதான். ஆளுக்கு அறுபது அட்டை. ஒவ்வொன்றிலும் ஒரு மிருகமோ மந்திரமோ ஆயுதமோ இருக்கும். அது என்ன செய்யும் என்று கீழே எழுதியிருக்கும். ஆயிரக்கணக்கான அட்டைகளிலிருந்து எந்த அறுபது என்று நாமே தேர்ந்தெடுத்து ஒரு கட்டு அமைக்க வேண்டும். பாதி ஆட்டம் வீட்டிலேயே முடிந்துவிடும் என்பது அதனால்தான். எதிராளியின் அட்டைகள் வேறு. அவர் நம் கட்டைக் கலைத்துக் கொடுப்பார், நாம் அவருடையதை. நடுவர் நின்று பார்ப்பார். பணம் வைத்து ஆடுவதில்லை. சதுரங்கப் போட்டி போல நுழைவுக் கட்டணம் உண்டு, ஜெயித்தால் பரிசு உண்டு.

பரிசை நம்பி மட்டும் வாழ முடியாது. சிங்கப்பூரில் ஒரு அணி எனக்கு மாதம் ஒரு தொகை கொடுக்கிறது. அவர்கள் சின்னம் போட்ட சட்டையைத்தான் போட்டிகளில் போட்டுக்கொள்வேன். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு இணையத்தில் சொல்லித் தருகிறேன். ஒரு வலைத்தளத்துக்குக் கட்டுரை எழுதுகிறேன். சில மாதம் ஜாஸ்தி, சில மாதம் கம்மி. சென்னையில் மூன்று வருஷம் கம்பெனி வேலை பார்த்தேன். அப்போது மாதா மாதம் ஒரே அளவு வந்தது. திங்கட்கிழமை காலையில் எழுந்திருக்கவே பிடிக்காமலும் இருந்தது.

நாற்பது வயதில் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியாது. அழகாக ஒரு பதில் எழுதிப் பார்த்தேன். நன்றாக இல்லை, கிழித்துவிட்டேன்.

அன்புடன்,
இனியன்


வேங்கிக்கால்
5 மார்ச் 2025

இனியன் அவர்களுக்கு,

உங்கள் கடிதத்தை மதிய இடைவேளையில் படித்தேன். சாம்பார் சாதம் ஆறிவிட்டது. பக்கத்து நாற்காலி அக்கா, "யார்கிட்டருந்து?" என்றார். "விண்ணப்பதாரர்" என்றேன். பொய் இல்லை அல்லவா?

நாற்பது வயதுக்குப் பதில் தெரியாது என்று எழுதியது எனக்குப் பிடித்தது. பயமாகவும் இருந்தது. இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன்.

ஒன்று புரியவில்லை. கட்டைக் கலைத்துத் தருகிறார்கள் என்றால் மேலே எது வரும் என்று யாருக்கும் தெரியாது. நல்ல அட்டை வந்தவன் ஜெயிப்பான். அப்படியென்றால் அது அதிர்ஷ்டம்தானே? எங்கள் தெருக்காரரும் இதையேதான் சொன்னார். "இன்னிக்கு கை சரியில்ல, நாளைக்கு வரும்." நாளை வரவே இல்லை. உங்களுக்கும் அவருக்கும் என்ன வித்தியாசம்? கோபத்தில் கேட்கவில்லை. அப்பா கேட்டால் நான் சொல்ல வேண்டும்.

இன்னொரு விஷயம். திருப்பத்தூரிலிருந்து ஒரு வரன் வந்திருக்கிறது. வங்கியில் வேலை. ஜாதகம் பார்த்தாகிவிட்டது. சித்திரையில் வந்து பார்ப்பார்கள். உங்களை அவசரப்படுத்த இதை எழுதவில்லை. உங்களுக்குத் தெரியாமல் இருப்பது சரியில்லை என்று பட்டது.

நீங்கள் ஆடுவதை எங்கே பார்க்கலாம்?

அருணாதேவி


சென்னை
27 மார்ச் 2025

அருணாதேவி அவர்களுக்கு,

தாமதத்துக்கு மன்னியுங்கள். பயிற்சிக்காகச் சென்னைக்கு வந்து நண்பன் எழில் வீட்டில் தங்கியிருக்கிறேன். உங்கள் கடிதத்தை அம்மா திருவண்ணாமலையிலிருந்து இன்னொரு கவரில் போட்டு அனுப்பினார். பிரிக்கவில்லை. ஆனால் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்திருப்பார் என்பது என் சந்தேகம்.

அதிர்ஷ்டம் உண்டு. இல்லை என்று சொன்னால் பொய். ஒரு ஆட்டத்தில் என்னைவிடச் சுமாராக ஆடுபவர் என்னைத் தோற்கடித்துவிடலாம். நூறு ஆட்டம் ஆடினால் முடியாது. அதனால்தான் ஒரு போட்டியில் இரண்டு நாள் முழுக்க வேறு வேறு ஆட்களோடு ஆடவைக்கிறார்கள்.

உங்கள் தெருக்காரருக்கும் எனக்கும் உள்ள வித்தியாசத்தைப் பற்றி நிறைய யோசித்தேன். அவர் தோற்றதும் இன்னும் பணம் வைத்தார். நான் தோற்றால் எழிலோடு உட்கார்ந்து அந்த ஆட்டத்தை முதலிலிருந்து மறுபடி அடுக்குவேன். எந்த இடத்தில் நான் தப்பு செய்தேன், எந்த இடத்தில் அட்டை வரவில்லை என்று பிரிப்போம். அட்டை வராததற்கு ஒன்றும் செய்ய முடியாது. தப்பை அடுத்த முறை செய்யாமல் இருக்கலாம். இவ்வளவுதான் என் தொழில். சொல்லும்போது சின்னதாக இருக்கிறது.

ஏப்ரல் 5, 6 தேதிகளில் கோலாலம்பூரில் ஆசியப் போட்டி. முதல் எட்டுப் பேர் உலகப் போட்டிக்குப் போவார்கள். யூடியூபில் காட்டுவார்கள். இணைப்பைத் தனித் தாளில் எழுதியிருக்கிறேன், எழுத்து மாறாமல் தட்டச்சு செய்ய வேண்டும். எல்லோரையும் காட்ட மாட்டார்கள், முக்கியமான மேஜையை மட்டும்தான். நான் அங்கே உட்கார்ந்தால் பார்ப்பீர்கள்.

அணியோடு என் ஒப்பந்தம் அடுத்த மாதத்தோடு முடிகிறது. புதுப்பிப்பார்களா என்பது கோலாலம்பூரைப் பொறுத்தது. இதை அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. உங்களிடம் சொல்வது சுலபமாக இருக்கிறது.

இனியன்


வேங்கிக்கால்
7 ஏப்ரல் 2025

இனியன் அவர்களுக்கு,

நேற்று பார்த்தோம். நான் என்று எழுத வேண்டியது, நாங்கள் என்று ஆகிவிட்டது.

சனிக்கிழமை உங்கள் முகமே காட்டவில்லை. ஞாயிறு மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு நடையில் உட்கார்ந்து போனைத் திறந்தால் நீலச் சட்டையில் நீங்கள். எதிரில் கண்ணாடி போட்ட ஜப்பான் பெண். நான் "ஐயோ" என்று சத்தம் போட்டிருக்க வேண்டும். அப்பா கட்டிலிலிருந்து எழுந்து வந்துவிட்டார்.

"யாரு அது?"

"அன்னிக்கு வந்தாரே, அவருப்பா."

திட்டுவார் என்று நினைத்தேன். கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தார். "எப்ப காசு வெப்பாங்க?" என்றார். வைக்க மாட்டார்கள் என்றேன். "அப்ப எதுக்கு மூஞ்சிய அப்பிடி வெச்சினு இருக்கான்?" என்றார்.

அத்தை ஊறுகாய்க்கு மாங்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். முதலில் திரும்பவே இல்லை. பிறகு, "அந்தப் பொண்ணு கையில இன்னா வெச்சினு இருக்கா, காட்ட மாட்டேங்கறாளே?" என்றார். பிறகு அருவாமனையை இழுத்துக்கொண்டு கிட்டே வந்துவிட்டார். இரண்டாவது ஆட்டத்தில் நீங்கள் ஜெயித்தபோது கைதட்டிவிட்டு, "கொசு" என்றார்.

மூன்றாவது ஆட்டத்தில் உங்கள் முன்னால் வரிசையாக ஐந்து அட்டை இருந்தது. அவர் முன்னால் ஒன்றுதான். ஆங்கிலத்தில் வர்ணனை செய்தவர்கள் நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள் என்றே சொன்னார்கள். நீங்கள் எல்லாவற்றையும் முன்னால் தள்ளினீர்கள். அந்தப் பெண் கையிலிருந்த ஒரே அட்டையை மெதுவாகக் கீழே வைத்தார். உங்கள் பக்கம் எல்லாம் காலியாகிவிட்டது. அப்புறம் கொஞ்ச நேரத்தில் முடிந்தது. ஒன்பதாவது இடம் என்று எழுத்து வந்தது. எட்டு வேண்டும் என்று நீங்கள் எழுதியது எனக்கு நினைவிருந்தது. அப்பாவிடம் சொல்லவில்லை.

நீங்கள் எழுந்து கை கொடுத்தீர்கள். சிரித்தீர்கள். அந்தப் பெண்ணின் அட்டையைக் காட்டி ஏதோ கேட்டீர்கள், அவரும் சிரித்தார். அப்பா, "தோத்தவன் இன்னா பேசறான்?" என்றார். எனக்குத் தெரியவில்லை. என்ன கேட்டீர்கள்?

உங்களுக்குக் கடிதம் எழுதுவதை அப்போதே அப்பாவிடம் சொல்லிவிட்டேன். "ஆபீஸ் விலாசத்துக்கா வருது?" என்றார். ஆமாம் என்றேன். "இங்கயே போடச் சொல்லு" என்று எழுந்து கொல்லைக்குப் போய்விட்டார்.

அருணாதேவி


சென்னை
9 ஏப்ரல் 2025

அருணாதேவி அவர்களுக்கு,

நேற்று ஊர் வந்து சேர்ந்தேன். தோற்றுவிட்டேன். பார்த்தீர்களோ என்னவோ தெரியாது. பார்க்காமல் இருந்திருந்தால் நல்லது. கடைசிச் சுற்றில் தோற்று ஒன்பதாவதாக வந்தேன்.

அணியிலிருந்து மின்னஞ்சல் வந்தது. மரியாதையாகத்தான் எழுதியிருந்தார்கள். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை.

எழில் வேலை செய்யும் கம்பெனியில் ஒரு இடம் காலியாக இருக்கிறது. என் பழைய வேலைதான். நாளை வந்து பார் என்கிறான். சேர்ந்துவிடலாம் என்று முடிவு செய்துவிட்டேன். உங்கள் அப்பாவிடம் இனி "சாஃப்ட்வேர்" என்றே சொல்லலாம். திருப்பத்தூர்க்காரர்கள் வருவதற்குள் சொல்லிவிடுங்கள். அட்டைகளை விற்றுவிடுவேன், நல்ல விலை போகும். உங்களுக்காக இதைச் செய்வதில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை.

இனியன்


கீழ்பென்னாத்தூர்
17 ஏப்ரல் 2025

இனியன் அவர்களுக்கு,

என் கடிதமும் உங்கள் கடிதமும் வழியில் ஒன்றை ஒன்று தாண்டிப் போயிருக்கின்றன. இப்போது என்னுடையதைப் படித்திருப்பீர்கள். படித்த பிறகும் அதே முடிவுதானா?

உங்கள் கடிதத்தில் ஒரு வரியை மட்டும் என்னால் தாண்ட முடியவில்லை. "உங்களுக்காக." நான் எப்போது கேட்டேன்? சாஃப்ட்வேர் மாப்பிள்ளை வேண்டும் என்றால் அன்றைக்குத் தாளில் இருந்ததை நம்பிக்கொண்டு பேசாமல் இருந்திருப்பேனே. தாளைத் திருத்தியவருக்குத்தான் நான் எழுதினேன்.

தோற்றதால் விடுகிறேன் என்று எழுதியிருந்தால் ஒப்புக்கொண்டிருப்பேன். பயமாக இருக்கிறது என்று எழுதியிருந்தால் எனக்கும் பயம்தான் என்று பதில் போட்டிருப்பேன். ஆனால் உங்கள் தோல்வியைத் தூக்கி என் மடியில் வைத்துவிட்டு, வருத்தமில்லை என்கிறீர்கள். நாளைக்கு ஏதோ ஒரு திங்கட்கிழமை காலையில் நீங்கள் எழுந்திருக்கப் பிடிக்காமல் படுத்திருக்கும்போது, நான் காபியோடு நின்றுகொண்டு அதைப் பார்க்க வேண்டுமா? உன்னால்தானே என்று நீங்கள் வாயால் சொல்ல மாட்டீர்கள். எனக்குக் கேட்கும்.

வேலைக்குப் போவது தப்பில்லை. நானும் போகிறேன். உங்களுக்கே அது வேண்டும் என்றால் போங்கள், அதையும் மதிப்பேன். என் பெயரில் போகாதீர்கள்.

அட்டை வராததற்கு ஒன்றும் செய்ய முடியாது, தப்பைத்தான் பிரித்துப் பார்ப்போம் என்று எழுதியிருந்தீர்கள். இந்த முறை பிரித்துப் பார்த்தீர்களா?

திருப்பத்தூர்க்காரர்கள் வரும் ஞாயிறு வருகிறார்கள். நான் என்ன சொல்வேன் என்பது என் கவலை. அதற்கும் உங்கள் பதிலுக்கும் முடிச்சுப் போட வேண்டாம்.

அருணாதேவி


செங்கம் சாலை, திருவண்ணாமலை
4 மே 2025

அருணாதேவி,

"அவர்களுக்கு" என்று எழுதி அடித்துவிட்டேன். திட்டு வாங்கிய பிறகு அது பொருந்தவில்லை.

நீங்கள் எழுதியது சரி. பயம்தான். இருபத்தொன்பது வயதில் மறுபடி ஒன்றுமில்லாமல் நிற்கிறோமே என்ற பயம். அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. உங்கள் பெயரைச் சொன்னபோது அந்த வெட்கம் தியாகம் மாதிரித் தெரிந்தது. அந்தக் கம்பெனிக்குப் போகவில்லை. எழிலுக்குக் கொஞ்சம் கோபம், இப்போது சரியாகிவிட்டான்.

அந்த ஆட்டத்தைப் பிரித்துப் பார்த்தோம். அட்டை மேல் குற்றம் இல்லை. தப்பு என்னுடையது. ஐந்தில் இரண்டைப் பின்னால் நிறுத்தியிருக்க வேண்டும். ஒரு முறை காத்திருந்தால் ஜெயித்திருப்பேன். எட்டுக்குள் வந்துவிட வேண்டும், ஒப்பந்தம் கிடைத்துவிட வேண்டும், உங்கள் வீட்டில் சொல்லிவிட வேண்டும் என்ற அவசரம். அந்த ஜப்பான் பெண்ணிடம், அந்த அட்டை எப்போது வந்தது என்று கேட்டேன். "முதல் கையிலேயே இருந்தது" என்றார். ஆட்டம் முழுக்க அதை வைத்துக்கொண்டு பொறுத்திருக்கிறார். அதற்குத்தான் சிரித்தேன். உங்கள் அப்பாவிடம் சொல்லுங்கள். இல்லை, வேண்டாம், நானே சொல்லிவிட்டேன்.

உங்கள் அப்பா நேற்று இங்கே வந்திருந்தார். உங்களுக்குத் தெரியுமா?

மல்லாட்டை மூட்டைகளை விற்க மார்க்கெட் கமிட்டிக்கு வந்தவர், அப்படியே ஆட்டோ பிடித்து விலாசம் விசாரித்துக்கொண்டு வந்துவிட்டார். கையில் ஒரு பை நிறைய அதே கடலை. நான் லேப்டாப்பில் ஒருவருக்குச் சொல்லித் தந்துகொண்டிருந்தேன், பாதியில் எழுந்திருக்க முடியவில்லை. அம்மா பதறிப்போய் நாற்காலி போட்டார். அவர் அதை என் முதுகுக்குப் பின்னாலேயே இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். பாடம் முடிகிறவரை ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்குக் கோலாலம்பூரிலேகூட அப்படி வியர்க்கவில்லை.

முடித்துத் திரும்பியதும் கேட்டார்.

"யாரு தம்பி அவரு?"

"கத்துக்கறவருங்க. ஆஸ்திரேலியா."

"காசு குடுக்கறாரா?"

"குடுக்கறாருங்க."

"எதுக்கு?"

"அவரு ஏன் தோத்தாருன்னு சொல்றதுக்கு."

உங்கள் அப்பா பையிலிருந்து ஒரு கடலையை எடுத்து உடைத்தார். "எங்க ஊர்ல அத சும்மாவே சொல்லுவாங்களே" என்றார். அம்மா சிரித்துவிட்டார். பிறகு அவரும் சிரித்தார்.

சாப்பிட உட்கார்ந்தபோது, "வேலைக்குப் போறதா எழுதனீங்களாமே?" என்றார். போகவில்லை என்றேன். "அணி விட்டுட்டாங்களாமே?" ஆமாம் என்றேன். அதற்குப் பிறகு சொல்லித் தருவதை அதிகமாக்கியிருக்கிறேன், இப்போது ஒன்பது பேர் கற்றுக்கொள்கிறார்கள், அதில் வீட்டுச் செலவு ஓடுகிறது, பரிசு வந்தால் வரட்டும் என்றேன். தலையாட்டினார். கடைசியில் ஒன்றுதான் கேட்டார். "அன்னிக்கு தோத்தீங்களே, சாப்ட்டீங்களா?"

"அன்னிக்கு சாப்பிடலீங்க."

"மறுநாளு?"

"சாப்ட்டேன்."

"அது போதும்" என்று ரசம் கேட்டு வாங்கிக்கொண்டார்.

ஜூன் கடைசியில் பெங்களூரில் ஒரு போட்டி இருக்கிறது. உலகப் போட்டிக்கு இன்னும் இரண்டு இடம் அங்கே இருக்கிறது. ஆடப்போகிறேன். எனக்காகத்தான் ஆடப்போகிறேன், தெளிவாக எழுதிவிட்டேன்.

திருப்பத்தூர் என்ன ஆனது என்று உங்கள் அப்பா சொல்லவில்லை. எனக்குக் கேட்கத் தைரியமில்லை. எழுத்தில் கேட்கிறேன். அம்மாவை அழைத்துக்கொண்டு இன்னொரு முறை உங்கள் வீட்டுக்கு வரலாமா? இந்த முறை தருமன் இல்லாமல்.

இனியன்


கீழ்பென்னாத்தூர்
13 மே 2025

இனியன்,

சித்ரா பௌர்ணமிக் கூட்டம் இன்னும் கலையவில்லை. வேங்கிக்காலிலிருந்து நின்றுகொண்டேதான் வந்தேன். வந்ததும் அத்தை உங்கள் கடிதத்தைக் கையில் கொடுத்தார். பிரிக்கவில்லை. உங்கள் அம்மாவைப் போல இவரும் வெளிச்சத்தில் பார்த்திருப்பார்.

அப்பா உங்கள் வீட்டுக்கு வந்தது எனக்குத் தெரியாது. மல்லாட்டைக்கு நல்ல விலை கிடைத்தது என்று மட்டும் சொன்னார். அன்று ஏன் அவ்வளவு சந்தோஷமாக இருந்தார் என்பது இப்போதுதான் புரிகிறது. நான் விலைதான் காரணம் என்று நினைத்துவிட்டேன்.

திருப்பத்தூர்க்காரர்கள் வந்தார்கள். நல்ல மனிதர்கள். அந்தப் பையனும் நல்லவர்தான். தனியாகப் பேசச் சொன்னார்கள். "எனக்கு வேற ஒருத்தர் மேல விருப்பம் இருக்குங்க. உங்கள வரவெச்சிட்டதுக்கு மன்னிச்சுக்கோங்க" என்றேன். அவர், "வீட்டுல சொல்லிட்டீங்களா?" என்று கேட்டார். இன்னும் இல்லை என்றேன். "அப்ப நான் வேணாம்னு சொன்னதா சொல்லிடறேன்" என்றார். அது எனக்குச் சரியாகப் படவில்லை. வெளியே வந்து நானே எல்லோர் முன்னாலும் சொன்னேன். அத்தை தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மாமா, "யாரும்மா அது?" என்றார். அப்பாதான் பதில் சொன்னார். "சீட்டாடற பையன்." அவர் அதைச் சொன்ன விதத்தில் கோபம் இல்லை.

இன்று இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, நீங்கள் வரலாமா என்று கேட்டதைச் சொன்னேன். உடனே பஞ்சாங்கத்தை எடுத்தார்கள். என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அப்பாவே ஆரம்பித்தார். "ஆனி பதினஞ்சு நல்லா இருக்கு. ஞாயித்துக்கெழம. மண்டபமும் கெடைக்கும்."

ஆங்கிலத் தேதியைப் பார்த்தேன். ஜூன் இருபத்தொன்பது. உங்கள் பெங்களூர்ப் போட்டி என்றைக்கு என்று நீங்கள் எழுதவில்லை. போனில் தேடினேன். அதே ஞாயிறு.

"ஆனி வேணாம்பா" என்றேன்.

"ஏன்?"

"அன்னிக்கு அவருக்குப் போட்டி இருக்கு."

அத்தை பிடித்துக்கொண்டார். "இன்னாடி பேசற? சீட்டாட்டத்துக்காக முகூர்த்தத்த தள்ளி வெக்கறதா? இந்த ஜில்லாவுலயே அப்பிடி ஒரு வூடு கெடையாது. அவன் ஒருநாளு ஆடலன்னா குடி முழுகிப் போயிடுமா?"

"நம்ம வீட்டுல அறுப்பு நாள்ல யாராவது கல்யாணம் வெப்பாங்களா அத்த?"

"அதும் இதும் ஒண்ணா?"

"அவருக்கு ஒண்ணுதான்."

ஆடி கூடாது. எனவே ஆவணி. அத்தை ஆவணி மழையைச் சொன்னார், மண்டபத்தைச் சொன்னார், ஊர் பேசும் என்றார். அப்பா பஞ்சாங்கத்தின் தாளை மெதுவாகத் திருப்பிக்கொண்டே போய் ஆவணியில் நிறுத்தினார். விரலை வைத்து ஒரு தேதியைத் தேடினார். அத்தைக்கு அப்போதே தெரிந்துவிட்டது. கோபத்தோடு எழுந்து போய்ப் பாத்திரங்களை உருட்டினார். திரும்பி வந்து, "அந்தப் போட்டிய போன்ல காட்டுவாங்களா?" என்றார்.

ஒரு விஷயம் உங்களிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும். பெங்களூரில் நீங்கள் ஜெயிக்கலாம், தோற்கலாம். ஆவணிக் கல்யாணத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. அப்பாவிடம் சொல்லிவிட்டேன், அவரும் தெரியும் என்றார். உங்கள் தலைக்கும் இது எட்ட வேண்டும். எங்களுக்காக அவசரப்பட்டு எல்லாவற்றையும் முன்னால் தள்ள வேண்டாம்.

என் வேலையை நான் விட மாட்டேன். வேங்கிக்காலில் ஒரு வாடகை வீடு பார்க்க வேண்டும். உங்கள் மேஜைக்கும் உங்கள் ஆஸ்திரேலியாக்காரர்களுக்கும் ஒரு அறை தனியாக. உங்கள் அம்மாவும் நம்மோடு வரட்டும், அவருக்கு விருப்பம் என்றால்.

வெற்றிலை பாக்கு மாற்ற வரும் ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லி அப்பா எழுதச் சொன்னார். அன்று உங்களுக்குப் பயிற்சி இருந்தால் திங்கட்கிழமை வாருங்கள். அத்தை கிழமை பார்ப்பார். நான் பேசிக்கொள்கிறேன்.

உங்கள்,
அருணா